குளிரோடையில் ஒரு வெளிநாட்டு விருந்தாளி

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு பழைய மூங்கில் தூண்டில் தடி தொங்குகிறது. மூத்தாப்பா சிறுவனாக இருந்தபோது தோட்டத்துத் துரை ஒருவருக்குப் பை சுமந்து ஆற்றங்கரைகளில் நடந்தவர். துரை நாடு திரும்பும்போது அந்தத் தடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். “துரை மீன் பிடிக்கிற தடி” என்றுதான் வீட்டில் எல்லோரும் அதைச் சொல்வோம். துரை மீன் என்றால் ட்ரவுட் மீன்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த மீனை ஒருமுறையாவது உயிரோடு பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. கடந்த டிசெம்பர் விடுமுறையில் மாமா அதற்கான அனுமதிப் பத்திரத்தைப் பெற்றுத் தந்தார். “பொம்பளப் புள்ளக்கி தூண்டில் என்னத்துக்கு?” என்று உம்மும்மா கேட்டார். “பாடம் படிக்கத்தான் கூட்டிட்டுப் போறன்” என்றார் மூத்தாப்பா. அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. அன்று ஒரே நாளில் நான் கற்றதை எம் கல்லூரிச் சகோதரிகளுடனும் பெற்றோர்களுடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர் ஏன் வேண்டும்?

சுபஹ் முடிந்து தேநீர் குடித்துவிட்டு மாமாவின் வேனில் புறப்பட்டோம். மூத்தாப்பா, வாப்பா, மாமா, தம்பி, நான் என ஐந்து பேர். எங்கள் இடம் பட்டிப்பொலவுக்குக் கீழே, ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே ஓடும் ஒரு சிறிய ஓயா. பூங்காவுக்குள் மீன் பிடிப்பது சட்டப்படி தடை. பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்த ஊர். வேனை விட்டு இறங்கியதும் பேசும்போதே வாயிலிருந்து புகை வந்தது. புல்லின் நுனிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து ஆசிரியையின் அனுமதியோடு ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்திருந்தேன். காலை ஏழரை மணிக்கு ஓயாவின் நீர் 12 பாகை செல்சியஸ். ட்ரவுட் மீனுக்கு மிகவும் பிடித்த குளிர் ஏறத்தாழ 10 முதல் 16 பாகை வரைதான். 20 பாகையைத் தாண்டினால் அது தவிக்கத் தொடங்கும். 25 பாகைக்கு மேல் நெடுநேரம் தாங்காது.

காரணம் இரண்டு. முதலாவது, குளிர்ந்த நீரில்தான் அதிக ஒட்சிசன் கரையும். கடல் மட்டத்தில் 10 பாகை நன்னீரின் ஒரு லீற்றரில் சுமார் 11 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கலாம். நீர் 25 பாகையானால் அது சுமார் 8 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். இரண்டாவது, மீன் குளிர்குருதிப் பிராணி. நீர் சூடேற அதன் அனுசேபம் விரைவாகி, ஒட்சிசன் தேவையும் கூடுகிறது. அதாவது தேவை கூடும் நேரத்திலேயே வரவு குறைகிறது. வேகமாக நீந்தும் ட்ரவுட் மீனின் பூக்களால் இந்த நெருக்கடியைச் சமாளிக்க முடியாது.

இதனால்தான் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இந்த மீன் இல்லை. மேலே ஏற ஏற, 1000 மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வீதம் வெப்பம் குறைகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றருக்கும் மேலே. மத்திய கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு வெப்ப நாட்டில், இந்த உயரம்தான் ட்ரவுட் மீனுக்கு ஐரோப்பாவின் ஒரு துண்டை வைத்திருக்கிறது.

எப்படி வந்தது?

“வெயில் கொஞ்சம் ஏறட்டும். இப்ப மீன் தூங்குற மாதிரித்தான்” என்றார் மூத்தாப்பா. நீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தாலும் மீன் சோர்ந்து கிடக்குமாம். ஆகவே கரையில் விரிப்பைப் போட்டு, உம்மா கட்டித் தந்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் சாப்பிட்டபடி காத்திருந்தோம். ட்ரவுட் வந்த கதையைப் பற்றி நூலகத்தில் படித்திருந்ததை அப்போது தம்பிக்குச் சொன்னேன்.

பழுப்பு ட்ரவுட்டின் பூர்வீகம் ஐரோப்பாவும் அதனை அண்டிய நிலங்களும். வானவில் ட்ரவுட்டின் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசுபிக் கரையும் ரஷ்யாவின் கம்சாட்கா பகுதியும். பிரித்தானியர் தாம் குடியேறிய நாடுகளுக்கெல்லாம் தம் ஊர் மீனையும் கொண்டுபோக ஆசைப்பட்டார்கள். உயிருள்ள மீனை மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுபோக முடியாது. ஆகவே கருக்கட்டிய முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டிகளுக்கு நடுவே வைத்தார்கள். குளிரில் முட்டையின் வளர்ச்சி மெதுவாகும். 10 பாகையில் வானவில் ட்ரவுட் முட்டை பொரிக்கச் சுமார் ஒரு மாதம் எடுக்கும். இன்னும் குளிரவைத்தால் இன்னும் தாமதமாகும். 1864இல் ‘நோர்ஃபோக்’ என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியப் பக்கம் போன முட்டைகள் ஏறக்குறைய மூன்று மாதப் பயணத்தைத் தாங்கி, தஸ்மேனியாவில் பொரித்தன.

இலங்கையில் 1869இல் கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய 1880களில் மலையகத்து ஓடைகளில் ட்ரவுட்டும் விடப்பட்டது. முதலில் பழுப்பு ட்ரவுட், அதன் பின்னர் வானவில் ட்ரவுட். இங்கே நன்றாக வேரூன்றியது பின்னதுதான்.

“அப்ப தேயிலையும் மீனும் ஒரே வயசா?” என்று கேட்டான் தம்பி.

“கிட்டத்தட்ட” என்றேன்.

தண்ணீரை வாசித்தல்

பத்து மணியளவில் நீர் 13 பாகையைத் தொட்டது. மூத்தாப்பா எழுந்து ஊன்றுகோலால் ஓயாவைச் சுட்டிக் காட்டினார். “மீன் எங்க இரிக்கிண்டு தண்ணியே செல்லும் மகள். சும்மா பாருங்க” என்றார்.

ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்தே முகம் வைத்து நிற்கும். ஒட்சிசனும் உணவும் அந்தத் திசையிலிருந்துதானே வருகின்றன! ஆனால் வேகமான நீரில் நாள் முழுதும் நீந்தினால் உண்ட உணவின் சக்தியெல்லாம் நீந்துவதிலேயே தீர்ந்துவிடும். அதனால் அது ஒரு கல்லின் பின்னாலோ, வேகநீரும் மெதுநீரும் சந்திக்கும் ஓரத்திலோ ஒதுங்கி நிற்கும். அடித்து வரும் பூச்சியை எட்டிப் பிடித்துவிட்டு மறுபடி தன் இடத்துக்குத் திரும்பும். கடைத் திண்ணையில் இருந்துகொண்டு வீதியில் போகும் கூவி விற்பவரைக் கூப்பிடுவது போலத்தான்.

முதல் மீனை நான்தான் கண்டேன். கண்ட சந்தோசத்தில் எழுந்து நின்று கையைக் காட்டினேன். மறுகணம் அது மறைந்துவிட்டது. மூத்தாப்பா ஏசவில்லை. “அதுக்கு உங்களத் தெரியும் புள்ள. குனிஞ்சிதான் போகோணும்” என்றார்.

இதற்கான விளக்கம் எமது பௌதிகவியல் பாடத்திலேயே இருக்கிறது. வளியிலிருந்து நீருக்குள் புகும் ஒளி முறிவடைகிறது. நீருக்கான அவதிக் கோணம் ஏறத்தாழ 49 பாகை. ஆகவே நீருக்கடியில் இருக்கும் மீனுக்கு, வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே சுமார் 97 பாகை அகலமான ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு முழுவுட்தெறிப்பினால் கண்ணாடி போல ஆற்றின் அடியையே காட்டும். கரையில் நிமிர்ந்து நிற்பவர் அந்தச் சாளரத்துக்குள் வந்துவிடுவார். குனிந்து, தள்ளி நிற்பவரின் உருவமோ சாளரத்தின் விளிம்பில் நசுங்கி, கண்டும் காணாததுமாகப் போய்விடும். பரீட்சைக்காகப் பலமுறை வரைந்த அந்தக் கதிர்ப்படத்தை அன்றுதான் முழங்காலில் தவழ்ந்து புரிந்துகொண்டேன்.

இறகால் செய்த பூச்சி

கடலில் தூண்டில் போடுபவர்கள் தங்கூசியின் நுனியில் ஈயக்குண்டு கட்டி, அதன் பாரத்தால் எறிவார்கள். ட்ரவுட் பிடிக்கும் முறை வேறு. இங்கே இரை ஒரு செயற்கை ஈ. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யப்பட்ட அதற்குப் பாரமே இல்லை. ஆகவே நூலையே தடிப்பாகவும் பாரமாகவும் செய்கிறார்கள். தடியைப் பின்னுக்கும் முன்னுக்கும் வீசும்போது அந்தப் பாரமான நூல் வளையமாக விரிந்து, ஈயைத் தன்னோடு இழுத்துச் சென்று நீரில் மெல்ல இறக்கும். தடிப்பான நூலை மீன் காணாதிருக்க, கடைசிப் பகுதியில் மட்டும் மெல்லிய தங்கூசி முடியப்படும்.

இந்தக் கலை மிகப் பழையது. மசிடோனிய நாட்டவர் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி, புள்ளியுள்ள ஆற்று மீன்களைப் பிடித்ததை ஏலியன் என்ற உரோம எழுத்தாளர் ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் தூண்டில் கலை பற்றி அச்சான முதல் நூல் 1496இல் வந்தது. அதை எழுதியவர் ஜூலியானா பேர்னர்ஸ் என்ற ஒரு பெண் துறவி என்பது மரபுவழிச் செய்தி. இதை உம்மும்மாவிடம் சொல்ல வேண்டுமென்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் ஈயை மூத்தாப்பா முதல்நாள் இரவில் கட்டியிருந்தார். இறகு எங்கள் வீட்டுச் சேவலுடையது. நூல் எனது தையல் பெட்டியிலிருந்து எடுத்தது.

எந்த ஈ என்று தீர்மானிப்பது அன்றைய ஓடைதான். நீரிலிருந்த ஒரு கல்லைப் புரட்டச் சொன்னார். அடியில் தட்டையான சிறு குடம்பிகள் ஓடின. மணலையும் சிறு குச்சிகளையும் ஒட்டிக் குழாய் வீடு கட்டிய இன்னொரு வகைக் குடம்பியும் இருந்தது. அவற்றைப் போலவே பழுப்பாகவும் சிறிதாகவும் இருந்த ஈயைத் தெரிவுசெய்தோம்.

விடுவதா, எடுப்பதா?

நான் பத்துத் தடவைக்கு மேல் வீசியிருப்பேன். இரண்டு முறை ஈ மரக்கிளையில் சிக்கியது. ஒருமுறை என் பர்தாவிலேயே சிக்கியது. தம்பி சிரித்த சிரிப்பில் ஓயாவில் இருந்த மீனெல்லாம் ஓடியிருக்கும். பதினொரு மணி தாண்டியபோது, ஒரு பாறையின் ஓரத்தில் ஈ மிதந்து போகையில் நீர் சற்றே குமிழியிட்டது. தடியின் நுனி வளைந்தது. “இழுக்காதீங்க, பிடிச்சிட்டே இரிங்க!” என்று மாமா கத்தினார். சிறிது நேரம் அது ஓட, நான் விட்டுக்கொடுக்க, பிறகு நான் சுற்ற, அது வர என்று போராட்டம் நடந்தது. கடைசியில் வாப்பா அத்தாங்கை நீட்டி ஏந்தினார்.

28 சென்ரிமீற்றர் நீளம். முதுகு பாசிப் பச்சை, உடலெங்கும் கரும்புள்ளிகள், பக்கத்தில் தலை தொடங்கி வால் வரை ரோசாப்பூ நிறத்தில் ஒரு பட்டை. அவ்வளவு அழகான ஒரு மீனை நான் பார்த்ததில்லை.

“பாவம் ராத்தா, விட்டுடுங்க” என்றான் தம்பி.

என் கையும் அதைத்தான் விரும்பியது. மேலை நாடுகளில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கும் பலர் ஈரக் கையால் முள்ளைக் கழற்றி, மீனை மெல்ல நீரில் விட்டுவிடுவார்கள் என்று படித்திருந்தேன். மீனின் பூர்வீக ஆற்றில் அது நல்ல பழக்கம்தான். அதன் இனம் அங்கே குறைந்துபோகாமல் அது காக்கிறது. நான் மூத்தாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மாமாவைப் பார்த்தார்.

“இது அதோட ஆறில்லையே” என்றார் மாமா.

மீனை எடுத்துக்கொண்டோம்.

வயிற்றுக்குள் இருந்த பதில்

கரையிலேயே வாப்பா மீனைச் சுத்தம் செய்தார். இரைப்பையைத் திறந்து காட்டும்படி நான் கேட்டேன். பூச்சிக் குடம்பிகள், ஒரு வண்டு, சில எறும்புகள், அவற்றோடு பாதி சமித்துப்போன ஒரு சிறு இறால். மீனின் சதை வெள்ளையாக இல்லை. மெல்லிய இளஞ்சிவப்பாக இருந்தது.

அந்த நிறமே ஒரு சாட்சி. இறால் போன்ற ஓட்டுடலிகளின் உடலில் கரோட்டினொயிட் என்னும் செந்நிறப் பொருள் உண்டு. வேகவைத்த இறால் சிவப்பதும் அதனால்தான். ட்ரவுட் தானாக அந்த நிறத்தை உருவாக்காது. தின்னும் உணவிலிருந்தே அது சதையில் சேர்கிறது. எங்கள் கையிலிருந்த அழகான மீன், யார் யாரைத் தின்று அழகானது என்பதைத் தன் சதையிலேயே எழுதி வைத்திருந்தது.

இங்கேதான் விடயம் பாரதூரமாகிறது. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் ‘கரிடினா சிங்களென்சிஸ்’ என்ற ஒரு சிறு நன்னீர் இறால் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது கிடையாது. 1880களுக்கு முன்பு அதன் ஓடையில் ட்ரவுட் போன்ற வேட்டை மீன் இருக்கவில்லை. அப்படியான மீனிடமிருந்து தப்பிக்க அது பழகியிருக்கவும் இல்லை. இன்று அந்த இறாலுக்கு உள்ள ஆபத்துகளில் ஒன்றாக விஞ்ஞானிகள் குறிப்பிடுவது வானவில் ட்ரவுட்டைத்தான். இந்தச் சிக்கல் எமக்கு மட்டும் உரியதல்ல. நியூசிலாந்தில் ட்ரவுட் விடப்பட்ட பல ஓடைகளில் அந்நாட்டுக்கே உரிய சிறு மீன்கள் இல்லாமற் போயின. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு அந்நிய இனங்கள் என இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் நிபுணர்கள் தொகுத்த பட்டியலில் பழுப்பு ட்ரவுட், வானவில் ட்ரவுட் இரண்டும் இருக்கின்றன.

நான் இதைச் சொன்னபோது மூத்தாப்பா வெகுநேரம் பேசவில்லை. அவருக்கு அந்த மீன் இளமைக்கால நினைவல்லவா? பிறகு, “வெளியிலேந்து வந்ததெல்லாம் கூடாதுண்டு செல்லாதீங்க மகள். தேயில வந்தது, கரட்டு வந்தது, உருளக்கெழங்கு வந்தது. அதுகள வச்சித்தானே நாம வாழ்றோம்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ‘வெளியிலிருந்து வந்தது’ என்ற சொல்லைக் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். மனிதரைப் பற்றி அப்படிப் பேசுவது முற்றிலும் தவறு. மனிதர் ஒருவரோடொருவர் பேசி, விட்டுக்கொடுத்து, ஒன்றாக வாழக்கூடியவர்கள். உயிரினங்களின் விடயத்திலும், எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் இருந்தவற்றுக்கு என்ன செய்கிறது என்பதே கேள்வி. கரட் பாத்தியைத் தாண்டிப் போய் இறாலைத் தின்பதில்லை. ட்ரவுட் தின்கிறது. அது அதன் குற்றமும் அல்ல. அதற்குப் பசி, அது தின்கிறது. பின்விளைவை யோசிக்காமல் முட்டையைக் கொண்டுவந்து ஊற்றியவர்கள் மனிதர்கள். ஆகவே யோசிக்க வேண்டியதும் நாங்கள்தான்.

வெப்பமானி சொன்ன இன்னொரு செய்தி

திரும்பும் வழியில் எங்கள் ஓயாவில் வந்து சேரும் ஒரு சிற்றோடையைக் கண்டோம். அதன் இரு கரைகளிலும் மரம் இல்லை. மரக்கறிப் பாத்திகள் நீரின் விளிம்பு வரை வந்திருந்தன. பிற்பகல் இரண்டு மணிக்கு மர நிழலில் ஓடிய ஓயாவின் நீர் 15 பாகை. வெயிலில் ஓடிய சிற்றோடையின் நீர் 19 பாகை. அதன் அடியில் கல் தெரியவில்லை. சேறு படிந்திருந்தது. ஒரு கல்லைத் தோண்டி எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். குடம்பி ஒன்றுகூட இல்லை.

ட்ரவுட் முட்டையிடுவதற்குப் பெண் மீன் தன் வாலால் சரளைக் கற்களைக் கிளறிக் குழி செய்யும். கற்களின் இடைவெளியில் ஓடும் நீர்தான் முட்டைக்கு ஒட்சிசன் கொடுக்கிறது. சேறு அந்த இடைவெளியை அடைத்தால் முட்டைகள் மூச்சடைத்து இறக்கும். சேறும் சூடும் ட்ரவுட்டோடு நிற்பதில்லை. கல்லுக்கடியில் வாழும் குடம்பிக்கும், எமக்கே உரிய இறாலுக்கும் அவை எதிரிதான். இந்த மலைகளில் பிறக்கும் நீரே மகாவலியாகவும் களனியாகவும் வளவையாகவும் இறங்கிப் போகிறது. கீழே வாழும் நாமெல்லோரும் குடிப்பதும் அந்த நீரைத்தான்.

ட்ரவுட்டை ஓடைகளிலிருந்து முற்றாக அகற்றுவது இலகுவல்ல. ஆனால் இனி எந்த ஓடையிலும், குளத்திலும், வீட்டுத் தொட்டி மீன் உட்பட, வெளிநாட்டு மீன் எதையும் விடாமல் இருக்கலாம். ஓடையின் கரையில் சில அடி நிலத்தை மரத்துக்கும் புல்லுக்கும் விட்டுவைக்கலாம். தோட்டமும் வயலும் உள்ள பெற்றோர்களிடம் நான் வேண்டுவது இந்த இரண்டையும்தான்.

அன்றிரவு உம்மா மீனுக்கு மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் பிரட்டி, தேசிக்காய் பிழிந்து பொரித்தார். ஐந்து பேர் போய்ப் பிடித்த ஒரே மீன். ஆளுக்கு ஒரு துண்டுகூடச் சரியாக வரவில்லை. தம்பி முதலில் வேண்டாம் என்றான். பிறகு என் துண்டிலும் பாதியைத் தின்றான். 1496இல் வந்த நூலைப் பற்றி உம்மும்மாவிடம் சொன்னேன். “அப்ப சரி” என்று மட்டும் சொன்னார்.

மூத்தாப்பா தடியைத் துடைத்துச் சுவரில் மாட்டினார். அடுத்த விடுமுறையில் எங்கே போவது என்று கேட்டேன். “அந்த மரமில்லாத ஓடைக்கு” என்றார். “தூண்டில் வேணாம். வெப்பமானியும் நாலு மரக்கண்டும் கொண்டு போவோம். அந்தத் தோட்டக்காரர எனக்குத் தெரியும்.”